வள்ளுவர் சிலையா, குறுக்குத்துறையா: ஒரு நாள் மட்டும் இருந்தால் கேமராவோடு எங்கே போவது?

அக்கா மகன் பழைய கேமரா ஒன்றை வாங்கி, மூன்று மாதமாக அதைத் தோளிலிருந்து இறக்காமல் திரிகிறான். போன வாரம் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தவன் கேட்டான்: “மாமா, அரையாண்டு லீவுல ஒரே ஒரு நாள்தான் எனக்குக் கிடைக்கும். தண்ணிக்குள்ள நிக்கிற சிற்பம் எடுக்கணும். கன்னியாகுமரிக்குப் போகவா, நம்ம குறுக்குத்துறைக்கே போகவா?”

திருநெல்வேலிச் சீமையில் கேமரா பிடிக்கும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வருகிற கேள்வி இது. எண்பத்தைந்து கிலோமீட்டர் தெற்கே போனால், கடலுக்கு நடுவில் 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிறார். டவுனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தாமிரபரணிப் பாறைமேல் குறுக்குத்துறை முருகன் கோயில் இருக்கிறது. இரண்டும் கல், இரண்டும் தண்ணீருக்குள். ஆனால் இரண்டிலும் வெளிச்சம் படுத்துகிற பாடு ஒன்றல்ல. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர்மேல் இருக்கும் கல்லை எடுப்பது ஏன் கடினம் என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கல் கறுப்பு, நனைந்தால் இன்னும் கறுப்பு. தண்ணீர் பளபளப்பு, வானம் அதைவிட வெளிச்சம். நம் கண் இந்த மூன்றையும் ஒருசேரப் பார்த்துவிடும். கேமராவால் முடியாது. கல்லுக்கு வெளிச்சம் வைத்தால் வானம் வெள்ளைத்தாளாகிவிடும், வானத்துக்கு வைத்தால் கல் கரிக்கட்டையாகிவிடும். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். சிற்பம் எந்தத் திசையைப் பார்க்கிறது? அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? லென்ஸ் எது, ஸ்டாண்டு எது என்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

வள்ளுவரிடமிருந்து தொடங்குகிறேன். 2000 ஜனவரி 1 அன்று திறந்த சிலை, கணபதி ஸ்தபதி வடித்தது. பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்களின் கணக்கு. உருவம் 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. சிலைக்கான கல்லில் பெரும்பகுதி நம் அம்பாசமுத்திரத்திலிருந்து போனது. அதனால் தானோ என்னவோ, அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்மூர் ஆள் கடலுக்குள் போய் நிற்பதுபோல இருக்கும்.

அவர் கரையைப் பார்த்து நிற்கிறார், ஏறக்குறைய வடக்கு நோக்கி. இந்த ஒரு தகவலை நான் கவனிக்காமல் போனதால் எனக்கு ஒரு மார்கழி முழுக்கப் பாழானது. அந்த மாதத்தில் மூன்று முறை போனேன். விடியற்காலை மூன்றரைக்குப் பாளையங்கோட்டையில் புறப்பட்டு, இருட்டோடு கரையில் போய் நின்றேன். மூன்று நாளும் சேர்த்து நானூறு படம் எடுத்திருப்பேன். ஒன்றில்கூட முகம் இல்லை. கேமராவில்தான் கோளாறு என்று நினைத்து, அதைக் கடையில் கொடுத்துச் சரிபார்க்கவும் செய்தேன். கோளாறு சூரியன் போகும் பாதையில் இருந்தது. மார்கழியில் சூரியன் கிழக்கிலிருந்து நன்றாகத் தெற்கே விலகி எழுந்து, தெற்காகவே போய், தென்மேற்கில் இறங்குகிறது. வடக்கு பார்த்தவரின் முகத்தில் அன்றைக்கு முழுதும் நேர்வெயில் படாது. அரையாண்டு விடுமுறை, சபரிமலைக் கூட்டம், பொங்கல் என்று ஊரே குமரிமுனைக்குப் போகிற பருவத்தில் அவர் முகம் நிழலிலேயே இருக்கிறது.

சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்னால் சூரியன் குமரிக்கு நேர் உச்சிக்கு வந்து, அதைத் தாண்டி வடக்கே போகிறது. பிறகு ஆவணி நடுவில்தான் மறுபடியும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. அந்த ஐந்து மாதத்தில்தான் முகத்தில் வெயில் விழும். அப்போதும் உச்சிவேளை உதவாது. ஆனி மாதத்தில்கூட நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து பதினைந்து பாகைதான் வடக்கே சாய்ந்திருக்கும். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து கொட்டும். புருவத்துக்குக் கீழே கண் இரண்டும் குழியாகிவிடும். வைகாசி, ஆனி மாதங்களில் மாலை நாலரைக்கு மேல்தான் சரியான நேரம். சூரியன் வடமேற்கில் தாழ்ந்து, கரையில் நிற்கும் நமக்கு வலப்பக்கமிருந்து கல்லைத் தடவிக்கொண்டு போகும். உளி பட்ட இடமெல்லாம் அப்போது எழுந்து நிற்கும்.

ஆனால் அந்தப் பருவம் தென்மேற்குக் காற்றின் பருவமும்கூட. மேகம் வரும், கடல் கொந்தளிக்கும், படகு நிற்கும். நல்ல வெளிச்சமும் நல்ல கடலும் அங்கே ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு போவது நல்லது.

மார்கழி, தையில்தான் போக முடியும் என்பவர்கள் முகத்தை மறந்துவிட்டு நிழலுருவத்துக்குப் போகலாம். அந்த மாதங்களில் காந்தி மண்டபம், முக்கடல் சங்கமம் பக்கத்துக் கரையில் நின்றால் சூரியன் சிலையை ஒட்டியே எழும். கரையிலிருந்து சிலை ஏறக்குறைய 400 மீட்டர். அந்தத் தூரத்தில் சூரிய வட்டம் சிலையின் உயரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தெரியும், அதாவது அவர் தலையைவிடச் சற்றுச் சிறியதாக. சூரியன் தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். தோளுக்குப் பக்கத்தில் அந்த வட்டம் இருப்பது அந்த இரண்டு நிமிடம் மட்டும். நம் தென்கோடியில் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறுவதால், அது பக்கவாட்டில் நகர்ந்து வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது. நாம்தான் கரையில் பத்தடி இப்படி, பத்தடி அப்படி என்று நகர வேண்டும். கூட்டத்தில் அது பெரும்பாடு. முந்தின நாளே போய் இடம் பார்த்து வைப்பவர்களுக்குத்தான் அந்தப் படம் கிடைக்கிறது.

நிழலுருவத்தில் ஒன்று போய்விடும். வள்ளுவரின் வலக்கை மார்புக்கு நேரே உயர்ந்து மூன்று விரலைக் காட்டுகிறது: அறம், பொருள், இன்பம். முன்னாலிருந்து பார்க்கையில் அந்தக் கை உடம்பின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பின்னால் வெளிச்சமிருந்தால் விரல்கள் மூன்றும் கறுப்பில் கரைந்துபோகும். இடுப்பின் மெல்லிய வளைவு தெரியும், கொண்டை தெரியும், விரல் தெரியாது. அந்த விரல்கள் இல்லாத வள்ளுவரை எடுத்து வந்து என்ன செய்ய? எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒப்புகிறவர்களுக்கு மார்கழி நல்ல மாதம்தான்.

படகில் போய்ப் பக்கத்தில் நின்று எடுத்தால் என்ன என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. படகு காலை எட்டு மணி வாக்கில்தான் விடுவார்கள், பிற்பகலில் முடித்துவிடுவார்கள். நல்ல வெளிச்சம் இருக்கிற இரண்டு நேரமும் அந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது வெள்ளை வெயில். பாறையில் இறங்கி அண்ணாந்தால் பாதம் பெரிதாகவும் தலை சிறிதாகவும் வரும், பின்னால் முழுக்க வானம். விவேகானந்தர் பாறையிலிருந்து பக்கவாட்டு உருவம் நன்றாக இருக்கும். 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம், 77 மீட்டர் நீளம், இப்போது இரண்டு பாறைக்கும் நடுவே வெள்ளை வில்லாக நிற்கிறது. முன்பு வெறும் அலை இருந்த இடத்தில் இப்போது அந்த வில் வருகிறது. அதைச் சேர்த்துக்கொண்டு எடுக்கப் பழகுவதுதான் சரி. பாலத்தை மறைக்க முயன்று வெட்டிய படங்கள் எல்லாம் மூச்சுமுட்டுகிற மாதிரி இருக்கின்றன.

படகில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல்காற்றில் உப்பு இருக்கிறது. லென்ஸில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும். முதலில் நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணி, பிறகு உலர்ந்தது. அந்த உப்பு கல்லையே அரிக்கும் என்பதால்தான் சிலையின்மேல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காகிதக் கூழைப் பூசி, உப்பை உறிஞ்ச வைத்து எடுத்துவிட்டு, ரசாயனம் பூசுகிறார்கள். அந்த வேலை நடக்கும்போது சிலையைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கும். புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

இனி நம் ஆற்றுக்கு வருவோம்.

“குறுக்குத்துறை சிற்பமில்லையே மாமா, கோயில்தானே?” என்றான். அந்தக் கோயிலின் வெள்ளம் வரும் பக்கத்தைப் போய்ப் பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டான். சுவர் படகின் முன்முனைபோலக் கூம்பியிருக்கும். வருகிற தண்ணீரை இரண்டாகப் பிளந்து அனுப்புவதற்காகச் செதுக்கிய வடிவம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி அதை மூழ்கடித்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்தபின் கோயில் அதே இடத்தில் நின்றது. திருச்செந்தூர் மூலவருக்குக் கல் எடுத்தது இந்தப் பாறையில்தான் என்று நம்மூரில் சொல்வார்கள். தண்ணீருக்கென்றே வடிவம் கொண்ட கல்லை ஒரே சிற்பமாகப் பார்க்க எனக்குத் தயக்கமில்லை. போதாதென்றால் கரையோரக் கல்மண்டபங்கள் இருக்கின்றன, தூணெல்லாம் வேலைப்பாடோடு.

ஆற்றில் நமக்குப் பெரிய துணை பின்னணி. கடலில் வள்ளுவருக்குப் பின்னால் எப்போதும் வானம்தான், காட்சியிலேயே அதிக வெளிச்சமான பொருள். குறுக்குத்துறையில் கல்லுக்குப் பின்னால் எதிர்க்கரை மரங்கள் இருக்கின்றன. கறுப்புக் கல்லும் கரும்பச்சையும் அருகருகே நிற்கும்போது கேமராவுக்குத் தடுமாற்றம் பாதியாகக் குறைகிறது. கொஞ்சம் உயரத்தில் நின்று, கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் வானத்தைப் படத்திலிருந்தே வெளியேற்றிவிடலாம். குமரியில் அதற்கு வழியே இல்லை.

இதனால் மேகமூட்டமான நாளும் இங்கே வீணாவதில்லை. குமரிக் கரையில் மூடிய வானமென்றால் சாம்பல் கல், வெள்ளை வானம், உயிரில்லாத படம். ஆற்றிலோ அதே வானம் ஒரு பெரிய வெள்ளைத் துணியைப் போல வெளிச்சத்தைச் சல்லடை போட்டு இறக்கும். கல்லின் மணிகள்கூடத் தெரியும். குற்றாலத்தில் சாரல் பிடித்திருக்கும் நாட்களில் மேகம் நம்மூர்வரை வந்து, மழை பெய்யாமல் கடந்து போகும். அந்த நாட்களை விடாதீர்கள். வெயிலும் மேகமும் மாறி மாறி வருகிறபோது, மேகம் வந்து மூடும் அந்த அரை நிமிடத்துக்குக் காத்திருந்தால் போதும்.

எனக்கு இந்த ஆற்று வெளிச்சத்தைக் காட்டிக் கொடுத்தது ஓர் ஆச்சி. படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கரை மண்டபத்துத் தூணை எடுக்க நான் அரை மணி நேரமாக மல்லாடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “யய்யா, இப்ப எடுக்காதிய. வெயிலு அந்த மரத்தத் தாண்டட்டும். தூணுக்குள்ள தண்ணி ஆடும், பாருங்க.”

தூணுக்குள் தண்ணீர் எப்படி ஆடும் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் கூச்சம், உட்கார்ந்துவிட்டேன். வெயில் மரத்தைத் தாண்டி ஆற்றில் விழுந்தது. விழுந்த வெளிச்சம் நீரில் பட்டுத் திரும்பி, நிழலில் இருந்த தூணின் கீழ்ப்பாதியில் ஏறியது. வலைபோல, மஞ்சள் நூலால் பின்னிய வலைபோல, நெளிந்துகொண்டே. அதுவரை கறுப்பாக மட்டுமே இருந்த புடைப்புருவத்தின் தாடையும் மூக்கின் அடியும் கீழிருந்து வெளிச்சம் வாங்கித் தெரிந்தன. ஒரு பெண் துறையில் இறங்கி முங்கினாள். வலை சட்டென்று அறுந்து, மறுபடியும் பின்னிக்கொண்டது. இருபது நிமிடம் இருந்திருக்கும். வெயில் மேலே ஏறியதும் போய்விட்டது.

கடல் இதைச் செய்யாது. அலை பெரிது, கல் தூரம். தண்ணீரே கல்லுக்கு விளக்குப் பிடிக்கிற காட்சிக்கு, நின்று நிதானமாக ஓடுகிற ஆறு வேண்டும், கல்லும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

லென்ஸின் முன்னால் மாட்டுகிற போலரைசர் ஃபில்டர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தண்ணீரின் பளபளப்பை அது எடுத்துவிடும், நீர்மட்டத்திலிருந்து முப்பத்தேழு பாகை அளவில் கீழ்நோக்கிப் பார்க்கையில் மிக நன்றாக எடுக்கும். குமரியில் பகல் வெயிலில் அது தேவை, நனைந்த பாறையின் மினுக்கம் அடங்கும். ஆற்றில் நான் அதைக் கழற்றி வைத்துவிடுவேன், இல்லையென்றால் பாதியளவு மட்டும் திருப்புவேன். பளபளப்பை முழுக்க எடுத்துவிட்டால் நீர் செத்துப்போகும். கல் தண்ணீரில் நிற்பதாகவே தெரியாது.

வெளிச்சம் கூடுதலாக ஒன்று, குறைவாக ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று படம் எடுத்து ஒட்டும் முறையைக் கட்டடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மூன்று படத்திலும் மூன்று இடத்தில் இருக்கும்; ஒட்டினால் அலைக்கு அலை பேய்போல நிற்கும். செல்போன் தானாகச் செய்யும் ஒட்டலிலும் சிலையைச் சுற்றி ஒரு சாம்பல் விளிம்பு விழுவதைப் பார்க்கலாம். ஒரே படம், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில், வானமோ நீரோ வெளுத்துப்போகாத அளவுக்கு வெளிச்சம் வைத்து எடுத்துவிட்டு, நிழலைப் பிறகு வீட்டில் மெல்லத் தூக்குவதே எனக்குக் கைவந்த வழி. செல்போனில் எடுப்பவர்கள் வானத்தைத் தொட்டு, அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைப் பூட்டிக்கொண்டு எடுங்கள்.

லென்ஸ் கணக்கு எளிது. கரையிலிருந்து வள்ளுவருக்கு முழு ஃப்ரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ளது) 200 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். கேமராவை நெட்டையாகப் பிடித்தால் சிலை படத்தின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் வரும், கடலுக்கும் வானத்துக்கும் இடம் மிஞ்சும். அந்த அளவு லென்ஸுக்கு, காற்றடிக்கும் கரையில், கனமான ஸ்டாண்டும் வேண்டும். குறுக்குத்துறைக்கு 35, 50 போதும். கையிலே பிடித்து எடுக்கலாம். மருமகனிடம் இருப்பது ஒரே ஒரு 50. இந்த ஒரு கணக்கே அவன் விஷயத்தில் பாதி முடிவைச் சொல்லிவிட்டது.

ஆற்றுக்கும் குறை உண்டு. அணையில் திறந்துவிட்டால் நீர்மட்டம் மளமளவென்று ஏறும். நேற்று நின்ற பாறை இன்று இருக்காது. பாசி வழுக்கும், பாறைகளுக்கு நடுவே கசம், அதாவது ஆழமான பள்ளம், இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறங்கவே கூடாது. கோயிலுக்குள் கேமராவை எடுக்க வேண்டாம், வெளியே ஆற்றிலிருந்தே வேண்டியது கிடைக்கும். மிக முக்கியமானது, அது ஊர் குளிக்கிற துறை. குளிக்கிறவர்கள் இருக்கும் பக்கம் லென்ஸைத் திருப்பக் கூடாது. காலை ஆறரைக்குள் வேலையை முடித்துக்கொண்டால் இருவருக்கும் சங்கடமில்லை என்று சிலர் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஆச்சி சொன்ன வெளிச்சம் வராது. ஆகவே கேட்டுவிட்டு, ஒரே தூணைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதே வழி. நாலு நாள் போனால் அவர்களே நமக்கு இடம் சொல்வார்கள்.

குப்பையையும் சொல்ல வேண்டும். பழந்துணியும் பிளாஸ்டிக்கும் பாறை இடுக்குகளில் சிக்கிக் கிடப்பதைப் பார்க்க நெஞ்சு வலிக்கிறது. படம் எடுக்கும் முன் கைக்கெட்டியதை எடுத்துக் கரையில் போடுவது என் வழக்கம். கம்ப்யூட்டரில் அழிப்பதைவிட அது சீக்கிரம் முடிகிற வேலை.

வழிச்செலவு, நேரம் என்று பார்த்தால் சொல்ல ஒன்றுமில்லை. குமரிக்கு ஒரு நாள், குறுக்குத்துறைக்கு ஒரு காலை.

மருமகனுக்கு நான் சொன்னது இது. அரையாண்டு லீவு மார்கழியில் வருகிறது. வள்ளுவர் முகத்தில் வெயில் இல்லை, உன்னிடம் நீள லென்ஸும் இல்லை. இந்த முறை குறுக்குத்துறைக்குப் போ. ஒரே நாளை நாலு காலையாகப் பிரித்துக்கொள், டவுனில்தானே தங்கப் போகிறாய். மார்கழிக் காலையில் ஆற்றில் பனிமூட்டம் இருந்தால் அது உனக்கு அதிர்ஷ்டம். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு திரை விழும், கோயில் தனியாகப் பிரிந்து வரும். எப்போதும் எதிர்க்கரை மரம் பின்னால் வருகிற மாதிரி நில்.

வள்ளுவரை மே மாதத்துக்கு வை என்றேன். அப்போது நானும் வருகிறேன், என் 200 லென்ஸைத் தருகிறேன். நாலரைக்கெல்லாம் வாவத்துறைப் பக்கம் கரையில் நின்றுவிட வேண்டும். ஆறரையைத் தாண்டித்தான் சூரியன் இறங்கும். அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில், வெயில் சாயச் சாய, மார்புக்கு முன்னால் உயர்ந்திருக்கும் அந்தக் கையின் மூன்று விரலும் ஒவ்வொன்றாகக் கல்லைவிட்டுப் பிரிந்து வரும்.